பழைய மோட்டாரும் கலவை அளக்கும் கருவியும்

நம்மவர் குடியிருப்புகளின் வேப்பமரத்தடியிலும் மாடிக்கட்டடங்களின் அடித்தளத்திலும் இருபது, இருபத்தைந்து ஆண்டு கண்ட மோட்டார் வண்டிகள் பல இன்னும் நிற்கின்றன. 1998-இல் இந்நாட்டில் அறிமுகமான ஹோண்டா சிட்டியும் ஹூண்டாய் சான்ட்ரோவும், 1999-இல் வந்த போர்டு ஐகானும், 2000-ஆம் ஆண்டையொட்டிக் கார்புரேட்டரைக் களைந்து 'எம்.பி.எப்.ஐ.' என்ற எழுத்துகளைப் பின்புறம் பொறித்துக்கொண்ட மாருதி 800-உம் அவற்றுள் அடங்கும். தந்தையார் ஓய்வு பெற்றபோது வாங்கியது, மகள் ஓட்டப் பழகியது, ஊருக்குப் போய்வர இதுவே போதுமென்று வைத்திருப்பது எனக் காரணங்கள் பல. செல்வப் பெருக்கினால் வைத்திருப்போர் சிலரே.

இத்தகைய வண்டி ஒருநாள் நின்ற நிலையில் நடுங்கத் தொடங்கும். அல்லது லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுத்தது பத்துக்கு இறங்கும். பட்டறைக்குக் கொண்டு சென்றால், மெக்கானிக் புகைக்குழாயின் வாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "காடி ரிச் சல் ரஹீ ஹை" என்பார். இன்னொருவர் அதே வண்டியை 'லீன்' என்பார். ஒருவர் சென்ஸரை மாற்றச் சொல்வார். மற்றவர் அதைக் கழற்றி எறியச் சொல்வார். மூன்றாமவர், முகப்புப் பலகையில் வண்ண விளக்குகளோடு ஒளிரும் மீட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தினால் எல்லாம் விளங்கிவிடும் என்பார். இம்மூவரில் யார் சொல் கேட்பது என்பது சில ஆயிரம் ரூபாயைப் பொறுத்த வினா. சில வேளைகளில் எஞ்சினின் ஆயுளையே பொறுத்த வினா. ஆகவே, காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதத்தை அளக்க எக்கருவி எப்போது ஏற்றது என்பதை ஈண்டுச் சற்று விரிவாகக் காண்போம்.

பெட்ரோல் முழுதும் எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் இதனின் மிகுந்தால் செறிந்த கலவை. அதுவே பட்டறையார் கூறும் 'ரிச்'. காற்று மிகுந்தால் மெலிந்த கலவை; அது 'லீன்'. செறிந்தால் எண்ணெய்ச் செலவும் கரும்புகையும் வருவதோடு காடலிடிக் கன்வர்ட்டரும் கெடும். மெலிந்தால் வண்டி தயங்கும். சுமையேற்றி முழு விசையில் ஓட்டும்போது வெப்பம் மிகும். கார்புரேட்டர் காலத்தில் இவ்விகிதத்தைத் திருப்புளி கொண்டு திருத்தினர். பீய்ச்சும் அமைப்பு வந்தபின் அப்பொறுப்பு சிறு கணிப்பொறி ஒன்றின் கைக்குப் போயிற்று. அக்கணிப்பொறிக்கு மூக்காக நிற்பதுதான் புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் ஆக்ஸிஜன் சென்ஸர்.

இம்மூக்கின் வரலாறு சுவையானது. 1920-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு பெற்ற வால்டர் நெர்ன்ஸ்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்ட மின்வேதியியல் விதியே இதன் அடிப்படை. சிர்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருள் நன்கு சூடேறியபின், அதன் ஒரு பக்கத்துக் காற்றிலும் மறுபக்கத்துப் புகையிலும் உள்ள பிராணவாயுவின் அளவு வேறுபட்டால் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. அதைப் பயன்படுத்தி போஷ் நிறுவனம் செய்த சென்ஸர் 1976-இல் வோல்வோ வண்டிகளில் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் இதற்குப் பகை. அதனால்தான் ஈயமற்ற பெட்ரோல் 1995-இல் நான்கு பெருநகரங்களுக்கும், 2000-இல் நாடு முழுமைக்கும் வந்தபின்னரே இது நம் சாலைகளில் பெருகிற்று.

ஆயினும் இந்த முதல்வகைச் சென்ஸருக்கு ஒரு குறை உண்டு. அதற்கு 'ஆம், இல்லை' என்ற இரு சொற்களே தெரியும். கலவை செறிந்திருந்தால் ஏறத்தாழ 0.9 வோல்ட், மெலிந்திருந்தால் 0.1 வோல்ட், நடுவே 0.45 வோல்ட்டைச் செங்குத்தாகக் கடந்துவிடும். எவ்வளவு செறிவு, எவ்வளவு மெலிவு என்று அதனால் கூற இயலாது. இதனை நாரோபாண்ட் என்பர். உள்ளே மற்றொரு மின்கலம் வைத்து, பிராணவாயுவை உள்ளும் புறமும் இறைத்து, அதற்குச் செலவான மின்னோட்டத்தைக் கொண்டு அளவை எண்ணாகவே கூறும் பிற்கால வகை வைட்பாண்ட் எனப்படும். முன்னது கணிப்பொறிக்குப் போதும். ஏனெனில் அது 'மெலிவு' என்றதும் பெட்ரோலைக் கூட்டி, 'செறிவு' என்றதும் குறைத்து, ஓயாது ஊசலாடிச் சராசரியைச் சரியாக வைத்துக்கொள்ளும். மனிதர் கண்ணால் பார்த்துத் திருத்துவதற்கோ பின்னதே வேண்டும்.

இங்குத்தான் வண்ண விளக்கு மீட்டரின் உண்மை வெளியாகிறது. விலை மலிந்த அவ்வகை மீட்டர் நாரோபாண்ட் சென்ஸரின் கம்பியில் இணைக்கப்படுவது. சென்ஸருக்குத் தெரியாத விவரம் மீட்டருக்கு எங்கிருந்து தெரியும்? நலமாக உள்ள வண்டியில் அவ்விளக்குகள் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டே இருக்கும். கார்த்திகை விளக்குபோல் பார்க்க அழகுதான். ஆனால் அதைக் கொண்டு ஒரு திருகைக்கூடத் திருத்த முடியாது. இதற்குச் செலவிடும் பணத்தில் நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கலாம்.

மல்டிமீட்டர் கொண்டு என்ன அறியலாம்? சென்ஸர் உயிரோடிருக்கிறதா என்பதை அறியலாம். எஞ்சின் நன்கு சூடேறியபின், நிமிடத்துக்கு 2500 சுற்றில் வைத்துச் சென்ஸரின் சைகைக் கம்பியில் மின்னழுத்தம் பார்க்க வேண்டும். 0.1-க்கும் 0.9-க்கும் இடையே விரைந்து மாறிக்கொண்டிருந்தால் சென்ஸரும் கணிப்பொறியும் பேசிக்கொண்டிருக்கின்றன என்பது பொருள். மெல்ல மெல்ல மாறினால் சென்ஸர் முதுமையடைந்துவிட்டது. ஓரிடத்திலேயே நின்றால், சென்ஸரைக் குறைகூறுமுன், எஞ்சினுக்குள் காற்றிழுக்கும் குழாயைச் சிறிது கழற்றிப் பாருங்கள். அழுத்தம் உடனே இறங்கினால் சென்ஸர் நன்றே, கலவைதான் உண்மையில் செறிந்திருக்கிறது. (காற்றோட்ட மீட்டர் இல்லாது உறிஞ்சழுத்தத்தை மட்டும் அளக்கும் வண்டிகளில் கணிப்பொறி அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிவிடும், அவற்றில் இச்சோதனை தெளிவான விடை தாராது.) சைகைக் கம்பியில் ஓம் அளவு மட்டும் பார்த்தல் கூடாது, மீட்டரின் மின்னோட்டமே சென்ஸரைக் கெடுத்துவிடக் கூடும். சூடேற்றும் கம்பிகள் இரண்டில் பார்க்கலாம். கம்பி நிறங்களை நம்பிவிடவும் கூடாது: போஷ் வகையில் கறுப்பு சைகைக்குரியது, வெள்ளை இரண்டும் சூடேற்றிக்குரியவை, டென்ஸோ வகையிலோ கறுப்பு இரண்டும் சூடேற்றிக்குரியவை, சைகை நீலத்தில் வரும்.

கணிப்பொறியோடு நேரே பேசும் ஸ்கேனர் கிடைத்தால் அது இன்னும் மேல். தான் எத்தனை விழுக்காடு பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதைக் கணிப்பொறி கணக்கு வைத்திருக்கும்; அதனைத் திருத்த விழுக்காடு எனலாம், 'ப்யூயல் டிரிம்' என்று திரையில் தோன்றும். பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டா. அதற்கு மேல் கூட்டிக்கொண்டிருந்தால் எங்கோ மெலிவு உண்டு. நின்ற நிலையில் மிகுதியாகக் கூட்டி, 2500 சுற்றில் இயல்புக்கு வந்தால், வெடித்த ரப்பர்க் குழாய் வழியே அளவையில் சேராத காற்று புகுகிறது. நின்ற நிலையில் சரியாக இருந்து, மேட்டில் ஏறும்போது கூட்டினால், பெட்ரோல் வடிகட்டியோ பம்போ தளர்ந்துவிட்டது. இவ்வளவையும் ஒரு கருவி உட்கார்ந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் இடர்ப்பாடு ஒன்று: நம் நாட்டில் வண்டிகளுக்குத் தன்னோய் அறியும் பொதுமொழி பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு 2010-இலும் 2013-இலும் இரு படிகளாகத்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முந்தைய வண்டிகள் தத்தம் தயாரிப்பாளர் மொழியையே பேசும். கடையில் மலிவாகக் கிடைக்கும் செருகு கருவி அவற்றில் ஊமையாக நிற்பது உண்டு. வாங்குமுன் தம் வண்டியில் செருகிப் பார்த்துப் பின் பணம் கொடுப்பதே முறை.

இனி, காசில்லாமலே நம் கைக்கு எட்டும் கருவி ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் புகைச் சான்றிதழ் தரும் நிலையத்தின் பெட்டி. நம்மவருட் பலர் அங்கே தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகின்றனர். அதில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படிப்பார் இலர். பாரத் ஸ்டேஜ் 4 பெட்ரோல் வண்டிக்கு நின்ற நிலையில் கார்பன் மோனாக்ஸைடு 0.3 விழுக்காட்டுக்கும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்தில் 200 பங்குக்கும் மிகலாகாது. 2500 சுற்றில் 'லாம்டா' என்ற எண் 0.97-க்கும் 1.03-க்கும் இடையே இருத்தல் வேண்டும். பழைய வண்டிகளுக்கு வரம்பு இதனினும் தளர்ந்தது. ஆனால் சான்றிதழுக்கு வேண்டாவிடினும் அந்த லாம்டா எண்ணை நிலையத்தாரிடம் கேட்டு எழுதிக்கொள்வது நலம்.

ஏனெனில் கன்வர்ட்டர் நன்றாயிருக்கும் வண்டியில் கார்பன் மோனாக்ஸைடைக் கொண்டு கலவையை அறிய முடியாது. அது வெளிவருமுன்பே எரிந்து கரியமில வாயுவாகிவிடும். லாம்டாவோ நான்கு வாயுக்களையும் ஒருசேரக் கணக்கிட்டு, மொத்தப் பிராணவாயுவின் வரவு செலவைப் பார்த்துச் சொல்லப்படுவது. கன்வர்ட்டர் வாயுக்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றினும் மொத்தக் கணக்கு மாறாது. ஜெர்மானியர் பிரெட்ஷ்னைடர் வகுத்த சூத்திரத்தின் நுட்பம் இதுவே. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: புகைக்குழாயில் ஓட்டை இருத்தல் கூடாது. இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து, இல்லாத மெலிவைக் காட்டும்.

லாம்டா என்றால் யாது? தேவையான காற்றுக்கும் கிடைத்த காற்றுக்கும் உள்ள ஒப்பு. இரண்டும் சமமானால் ஒன்று. ஒன்றுக்குக் கீழே செறிவு; மேலே மெலிவு. எனினும் '14.7' என்ற எண்ணையே காட்டும் மீட்டர்களைப் பலர் விரும்புகின்றனர். இன்றைய நிலையில் அவ்விருப்பம் ஏமாற்றத்துக்கு இடம் தரும். இதை மட்டும் வாசகர் மனத்தில் கொண்டாலும் போதும் எனக் கருதுகிறேன்.

2023 பிப்ரவரியில் சில நிலையங்களில் தொடங்கிய 20 விழுக்காட்டு எத்தனால் கலந்த பெட்ரோல் 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனாலில் பிராணவாயு தன்னுள்ளேயே இருப்பதால் அது எரிய ஒன்பது பங்கு காற்றே போதும். எனவே இக்கலப்பு எரியச் சரியான விகிதம் 14.7 அன்று, ஏறத்தாழ 13.5. 10 விழுக்காட்டுக் கலப்புக்கு 14.1 அளவில் நின்றது. டில்லியிலும் மும்பையிலும் பலர் பயன்படுத்தும் சி.என்.ஜி.-க்கோ 17 பங்குக்கு மேல் வேண்டும். நம் வீட்டு அடுக்களையில் இதற்கு ஒப்பு உண்டு. பழைய அரிசிக்கு நீர் மிகுதி, புது அரிசிக்குக் குறைவு; எத்தனை உழக்கு நீர் என்று கேட்பதைவிட, சோறு பதமாக வெந்ததா என்று கேட்பதே அறிவு. லாம்டா ஒன்று என்பது அந்தப் பதம்.

இதில் ஒரு வேடிக்கை. 14.7 என்று காட்டும் மீட்டர் உண்மையில் விகிதத்தை அளப்பதில்லை. அது லாம்டாவை அளந்து, அதனை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. ஆகவே எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓடும் வண்டியிலும் பதமான கலவைக்கு அது 14.7 என்றே காட்டும். இப்போது எத்தனால் வந்துவிட்டதே, 13.5 காட்ட வேண்டுமே என்று ஒருவர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனால் வண்டி வேண்டாத செறிவில் மூழ்கும். லாம்டாவிலேயே படிக்கும் வழக்கம் உடையவருக்கு இக்குழப்பம் நேராது. எனவே வைட்பாண்ட் மீட்டர் வாங்குவோர் லாம்டாவைக் காட்டும் வசதி உள்ளதா என்பதையே முதலில் வினவ வேண்டும்.

ஆக்ஸிஜன் சென்ஸர் செம்மையாக உள்ள பழைய வண்டி, இப்புதிய பெட்ரோலைத் தானே உணர்ந்து ஓரளவு திருத்திக்கொள்ளும். சென்ஸர் செத்த வண்டியும், சென்ஸரே இல்லாது வந்த மிகப் பழைய வண்டியும் திருத்திக்கொள்ளமாட்டா. கலப்பற்ற பெட்ரோலுக்கென அமைந்த அவை இன்று ஏறத்தாழ எட்டு விழுக்காடு மெலிவில் ஓடும். காலையில் சூடேறுமுன் தயங்குவதும், விசையை மிதிக்கும்போது ஒரு நொடி மூச்சடைப்பதும் அதன் அறிகுறிகள். சென்ஸரைக் கழற்றி எறி என்று கூறும் மெக்கானிக்கின் சொல் முன்பே தீது. இன்று மிகவும் தீது.

சரி, வைட்பாண்ட் யாருக்கு வேண்டும்? கலவையை மாற்றும் வழி கையில் உள்ளவருக்கே வேண்டும். வண்டியின் கணிப்பொறி பூட்டிய பெட்டியாக இருக்குமானால், எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைத் தவிர வேறு பயன் அதிகமில்லை. பழைய மெர்ஸிடிஸ் வண்டிகளில் காணும் கே-ஜெட்ரானிக் போன்ற அமைப்புகளில் 3 மில்லிமீட்டர் அறுகோணச் சாவியால் திருகும் திருகு ஒன்று உண்டு. எல்-ஜெட்ரானிக் அமைப்பில் காற்றுமீட்டரின் பக்கவழித் திருகு உண்டு. பழைய கணிப்பொறியை அகற்றி, கட்டளைகளை மாற்றத்தக்க புதியதைப் பொருத்துவோரும் உளர். இவர்களுக்கு வைட்பாண்ட் இன்றியமையாதது. சிறப்பாக, முழு விசையில் லாம்டா 0.85 முதல் 0.90 அளவில் நிற்கிறதா என்பதை வேறெக்கருவியும் ஓட்டத்தின்போதே நம்பத்தக்கவாறு காட்டாது. நாரோபாண்ட் அங்கே 'செறிவு' என்று மட்டும் கூறி வாய்மூடிக்கொள்ளும்.

வாங்கும்போது மீட்டரின் முகத்தைவிடச் சென்ஸரின் எண்ணைப் பார்த்தல் வேண்டும். பரவலாகக் கிடைப்பன போஷ் எல்.எஸ்.யூ. 4.2, 4.9 என்னும் இருவகை. முன்னது வெளிக்காற்றை ஒப்புக்கு எடுத்துக்கொள்வதால், அவ்வப்போது கழற்றி நல்ல காற்றில் வைத்து நேர்செய்ய வேண்டியிருக்கும். பின்னதற்கு அத்தொல்லை பொதுவாக இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாக ஆகா. கம்பியின் முனையிலுள்ள இணைப்பியில் அச்சென்ஸருக்கெனவே தொழிற்சாலையில் அளவிட்ட மின்தடை பொதிந்திருக்கும். கம்பி நீளம் போதவில்லையென்று அதை வெட்டி ஒட்டும் பட்டறைத் தம்பிகளைத் தடுத்து நிறுத்துங்கள். போலிச் சென்ஸர்களும் சந்தையில் உள. பெட்டியின் அழகைக் கண்டு மயங்காது, நம்பகமான விற்பனையாளரிடம் வாங்குவதே தக்கது.

கருவி நல்லதாயினும் சில வேளை பொய் சொல்லும். ஒரு சிலிண்டரில் பொறி தவறினால், எரியாத பெட்ரோலோடு எரியாத பிராணவாயுவும் வெளியேறும். சென்ஸர் பிராணவாயுவைக் கண்டு 'மெலிவு' என்னும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் நோய் ஒன்று, மருந்து வேறொன்றாகும். ஆகவே கலவையை அளக்குமுன் ஸ்பார்க் பிளக், கம்பி, காற்று வடிகட்டி, புகைக்குழாய் இணைப்பு, பெட்ரோல் அழுத்தம் ஆகியவற்றைச் சரிபார்த்துவிடல் வேண்டும். பெரும்பான்மைப் பழைய வண்டிகளில் இத்துடனேயே நோய் நீங்கிவிடும். கருவிக்கு வேலையே இராது. ஸ்பார்க் பிளக்கின் நிறம் பார்த்துக் கலவை சொல்லும் பழைய கலை இருக்கிறதே, ஈயமற்ற பெட்ரோலில் அது முன்போல் பலிப்பதில்லை.

சி.என்.ஜி. பொருத்திய வண்டி வைத்திருப்போருக்கு ஒரு சொல். சில பழைய பொருத்துநர்கள் 'எமுலேட்டர்' என்னும் சிறு பெட்டியைச் சென்ஸர் வழியில் இணைத்து, வாயுவில் ஓடும்போது கணிப்பொறிக்குப் போலிச் சைகை அனுப்புவர். பெட்ரோலுக்கு மாற்றியபின்னும் அது விலகாது நின்றால், மல்டிமீட்டரில் ஊசலாட்டம் ஒழுங்காகத் தெரியும், ஆனால் வண்டி மட்டும் எண்ணெய் குடிக்கும். அளவை எப்போதும் சென்ஸரை ஒட்டிய கம்பியிலேயே, பெட்டிக்கு முன்பாக எடுக்க வேண்டும். புகை நிலையத்திலும் எந்த எரிபொருளில் சோதிக்கிறோம் என்பதைக் கூறிக் கருவியை அதற்கேற்ப வைக்கச் சொல்ல வேண்டும்.

டில்லி வட்டாரத்து அன்பர்கள் செலவில் இறங்குமுன் மற்றொன்றும் கருத வேண்டும். பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் அங்கே ஓடலாகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது; 2025-இல் அவ்வழக்கு மீண்டும் மன்றத்துக்கு வந்தது. தம் வண்டியின் நிலையைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே பெருஞ்செலவு செய்தல் தகும். மும்பை, பெங்களூர், கல்கத்தா அன்பர்களும் பதிவைப் புதுப்பிக்கும் ஆண்டு எப்போது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவும் கேட்டபின் வைட்பாண்ட் வேண்டும் என்று துணிந்தவர், கன்வர்ட்டருக்கு முன்னால், குழாய்கள் ஒன்றுகூடும் இடத்தைக் கடந்து, 18 மில்லிமீட்டர் மரை கொண்ட வளையம் ஒன்றைப் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். சென்ஸர் கிடையாகக் கிடக்காமல் குறைந்தது பத்துப் பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருத்தல் முறை. இல்லாவிடில் குழாயில் குளிர்ந்து தேங்கும் நீர்த்துளி, 780 பாகை அளவில் காயும் பீங்கானில் பட்டு அதைப் பிளந்துவிடும். புகைக்குழாயின் கடைவாயில் கவ்வியால் பிடித்து அளக்கும் முறையும் உண்டு. ஆனால் நின்ற நிலையில் வெளிக்காற்று கலந்து தவறு காட்டும், ஓட்டத்தில் மட்டுமே ஓரளவு கொள்ளத்தக்கது. சென்ஸரைச் சுற்றி சிலிக்கோன் பசை தடவலாகாது. மின்சாரம் கொடாமல் சென்ஸரைப் புகையில் விட்டு வண்டி ஓட்டினால் கரிபடிந்து சில நாளிலேயே கெடும். எனவே அளவை முடிந்ததும் அதைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, அத்துளையை அதே மரையுள்ள போல்ட் ஒன்றால் மூடிவிடுக.